கோவிந்தாபுரத்துக்கு அப்பால் ஐந்து ரூபாய்

கொல்லங்கோட்டிலிருந்து முதலமடையைக் கடந்து கோவிந்தாபுரம் வழியே பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் போய்வருகிற லாரிக்காரர்கள், மாங்காய் ஏற்றிக்கொண்டு போகும்போதும் சரி, வைக்கோலோ சிமெண்டோ இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் சரி, டேங்க்கை நிரப்புகிற காரியத்தை மட்டும் கேரள எல்லைக்கு அப்பால்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம். சோதனைச் சாவடிக்கு இந்தப் புறத்தில் உள்ள பெட்ரோல் பங்க்குக்கும் அந்தப் புறத்தில் அம்பராம்பாளையம் போகிற வழியில் உள்ள பெட்ரோல் பங்க்குக்கும் லிட்டருக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. மாதம் ஒரு தடவையாவது பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகாதவர்கள் எங்கள் ஊரில் சொற்பம். போகிறவர்களில், திரும்பும்போது வண்டியின் வயிற்றை நிரப்பிக்கொண்டு வராதவர்கள் அதைவிடச் சொற்பம்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கொச்சிக்கு அருகே அம்பலமுகளில் 1966ஆம் ஆண்டில் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையின் பெட்ரோலையும் டீசலையும் கொண்டு செல்லும் நிலத்தடிக் குழாய் ஒன்று, கேரளத்தின் மண்ணுக்கடியிலேயே நெடுந்தூரம் ஓடி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, கோயம்புத்தூரை அடுத்த இருகூருக்கும் அங்கிருந்து கரூருக்கும் போய்ச் சேருகிறது. அதாவது, ஆலைக்கு அருகில் குடியிருக்கிற நாங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற சரக்கை, எங்கள் வயல்வெளிகளையும் பனந்தோப்புகளையும் கடந்து நூறு மைலுக்கு மேல் பிரயாணம் செய்து போகிற அதே சரக்கை, அப்பால் இருப்பவர்கள் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். தூரம் கூடக் கூட விலை குறைகிற இந்த அதிசயத்தை எந்த அர்த்தசாஸ்திரமும் சந்தையின் பெயரால் விளக்க முடியாது. கச்சா எண்ணெய் அதேதான், ஆலை அதேதான், டாலரின் மதிப்பும் அன்றைய தேதியில் அதேதான். வேறுபடுவது கஜானா ஒன்றுதான்.

பெட்ரோல் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று யார் கேட்டாலும் அதிகாரத்தில் இருப்பவர்கள் கையை மேற்கே நீட்டி, அரபு நாட்டு யுத்தத்தையும், கப்பல் போகும் ஜலசந்தியையும், எண்ணெய் உற்பத்தி நாடுகளின் கூட்டமைப்பையும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. ஆனால் ஏறுவதற்கு உலகச் சந்தை காரணம் என்பது எவ்வளவு உண்மையோ, ஏறியது இறங்காமல் போவதற்கு தில்லியும் திருவனந்தபுரமும் காரணம் என்பதும் அவ்வளவு உண்மை. இந்த இரண்டாவது உண்மையை முதலாவதன் நிழலில் மறைத்துவைப்பதே இந்த விவகாரத்தில் ஜனங்களுக்கு நடக்கிற பிரதான அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட பங்கை வெளியிலிருந்து வாங்குகிற தேசம் நம்முடையது. ஆகவே 1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தபோது மூன்று டாலர் அளவில் இருந்த பீப்பாய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலர் அளவுக்குப் போனதும், 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டதும், 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவில் வாங்கி வைக்க இடமில்லாமல் பூஜ்யத்துக்கும் கீழே விழுந்ததும், ருஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பின்னர் 2022 மார்ச்சில் மறுபடியும் 139 டாலர் வரை எழும்பியதும் நம் வாசலுக்கு வந்து சேராமல் இருக்க முடியாது. பீப்பாய் என்பது 159 லிட்டர். அதைக் கொண்டுவந்து, காய்ச்சிப் பிரித்து, பெட்ரோலாக்கி விற்கிற செலவும் டாலருக்கு நம் ரூபாய் கொடுக்கிற விலையும் சேர்ந்துதான் அடிப்படை விலை.

அந்த அடிப்படை விலையிலேயே ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, பாரசீகத்திலிருந்து வந்து இறங்குகிற எண்ணெய்க்குக்கூட, மெக்சிகோ வளைகுடாவின் விலையையும் அங்கிருந்து இங்கே வரும் கப்பல் கூலியையும் கூட்டி விலை நிர்ணயம் செய்தன அந்நியக் கம்பெனிகள். வராத கப்பலுக்கு நாம் கூலி கொடுத்தோம். 1961ஆம் ஆண்டின் தாம்லே கமிட்டி முதலாகப் பல கமிட்டிகள் அதை விசாரித்துக் குறைத்தன; 1970களில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் கால்டெக்ஸும் தேச உடைமையாயின. ஆயினும் 2006 முதல் கடைப்பிடிக்கப்பட்ட முறையிலும், அம்பலமுகளில் உற்பத்தியாகிற பெட்ரோலை, அதன் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து பெட்ரோலாகவே கப்பலில் வந்து இறங்கியதுபோல் பாவித்து விலை கட்டுகிற பழக்கம் தொடர்ந்தது. வராத கப்பலுக்குக் கூலி கொடுக்கிற வம்சம் இன்னும் பட்டுப்போகவில்லை.

விலையைச் சர்க்கார் தீர்மானித்த காலம் 2002 ஏப்ரலில் காகிதத்தில் முடிந்தது. மெய்யாகவே பெட்ரோலை அவிழ்த்துவிட்டது 2010 ஜூனில். டீசலை அவிழ்த்துவிட்டது 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் தினந்தோறும் காலை ஆறு மணிக்கு விலை மாறுகிற ஏற்பாடு தேசம் முழுவதற்கும் வந்தது. அதிலிருந்து, சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், இதில் சர்க்காருக்குச் சம்பந்தமில்லை என்று நமக்கு உபதேசம் செய்யப்பட்டது.

இறங்கியதா என்று பார்ப்போம். 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலர் அளவில் இருந்தபோது தில்லியில் பெட்ரோல் 71 ரூபாய் சொச்சம். 2016 ஜனவரியில் அதே பீப்பாய் 30 டாலருக்கும் கீழே வந்தபோது அங்கே விலை 59 ரூபாய் சொச்சம். கச்சா எண்ணெய் கால் பங்குக்கு அருகே வந்துவிட, பெட்ரோலோ ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. நடுவில் இருந்தது எங்கே போயிற்று? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே மத்திய சர்க்கார் கலால் தீர்வையை ஒன்பது முறை உயர்த்தி, 9 ரூபாய் 48 காசாக இருந்ததை 21 ரூபாய் 48 காசுக்குக் கொண்டு போயிற்று. டீசலில் 3 ரூபாய் 56 காசு என்பது 17 ரூபாய் 33 காசாயிற்று. ஒவ்வொரு தடவையும் சந்தையில் விலை விழுந்த சமயமாகப் பார்த்து, விழுந்ததைத் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டதால், பங்க்கில் நின்றவன் கண்ணில் ஏற்றமும் படவில்லை, இறக்கமும் படவில்லை.

கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில் இதே வித்தை இன்னும் பெரிய அளவில் நடந்தது. உலகமெங்கும் வண்டிகள் நின்று, எண்ணெயைத் தொட்டுப்பார்ப்பவர் இல்லாத மே மாதத்தில், ஒரே இரவில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் தீர்வை ஏற்றப்பட்டு, பெட்ரோலின் மேல் மத்தியத் தீர்வை 32 ரூபாய் 98 காசைத் தொட்டது. அதன்பின் சந்தை மெள்ள எழுந்தபோது அந்த எழுச்சி மட்டும் நேராக நம் தலையில் இறங்கிற்று. ஜூன் மாதம் தில்லியில் டீசல் பெட்ரோலையே விஞ்சியது, வேறெந்தக் காலத்திலும் நம் முன்னோர் கண்டிராத காட்சி. ஜனங்கள் வீட்டில் அடைபட்டு எண்ணெய் செலவு சுருங்கிய அந்த வருஷத்தில், மத்திய சர்க்காரின் பெட்ரோலியக் கலால் வருமானம் முந்தைய ஆண்டின் 2.23 இலட்சம் கோடியிலிருந்து 3.73 இலட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. பஞ்ச காலத்தில் பணம் எங்கிருந்தாவது வந்துதானே ஆகவேண்டும், ரேஷனும் தடுப்பூசியும் சும்மா வருமா என்று கேட்கலாம். கேட்கட்டும், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அதை வரி என்று பகிரங்கமாகச் சொல்லி வாங்குவது ஒன்று, சந்தை என்று சொல்லி வாங்குவது வேறொன்று.

இதற்குள் இன்னொரு சூட்சுமம் உண்டு. மாகாணங்களின் கோபத்துக்கு அதுவே வேர். மத்திய சர்க்கார் வசூலிக்கிற வரியில் மாகாணங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பது அரசியல் சாசனம். ஆனால் செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் பெயர் வைத்து வசூலித்தால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி கணக்கை எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு மத்தியத் தீர்வையில் பங்கிடத்தக்க அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மாத்திரம்; மீதி முப்பத்தொன்றரை ரூபாயும் சாலைக்கு, விவசாய அபிவிருத்திக்கு, விசேஷக் கூடுதல் தீர்வைக்கு என்று பெயர் மாற்றி ஒதுக்கப்பட்டது. அந்த 1 ரூபாய் 40 காசில் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்ற விகிதப்படி இந்தியாவின் எல்லா மாகாணங்களும் சேர்ந்து பெற்றது ஏறக்குறைய 57 காசு.

மாகாண சர்க்கார்கள் மட்டும் தர்மாத்மாக்களா என்றால், அதுவும் இல்லை. கேரளத்தில் பெட்ரோலின் விற்பனை வரி நூற்றுக்கு 30.08, டீசலுக்கு 22.76. அதன்மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, வரியின்மேல் ஒரு சதவீதம் செஸ், 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று இன்னும் இரண்டு ரூபாய். நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்கும்போது, மத்திய சர்க்கார் போட்ட தீர்வையும் அந்த நூற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே தில்லியில் ஒரு ரூபாய் ஏற்றினால் கொல்லங்கோட்டில் ஒன்று முப்பது ஏறும். தில்லியைத் திட்டிக்கொண்டே முப்பது காசை வாங்கிக்கொள்கிற சௌகரியம் திருவனந்தபுரத்துக்கு உண்டு.

இதன் மறுபக்கத்தை 2022 மே மாதத்தில் கண்டோம். மத்திய சர்க்கார் பெட்ரோலுக்கு எட்டு ரூபாயும் டீசலுக்கு ஆறு ரூபாயும் குறைத்தது. உடனே கேரளத்தின் நிதி மந்திரி கே. என். பாலகோபால், மாகாணமும் பெட்ரோலில் 2 ரூபாய் 41 காசும் டீசலில் 1 ரூபாய் 36 காசும் குறைக்கிறது என்று அறிவித்தார். எட்டு ரூபாய்க்கு 30.08 சதவீதம் எவ்வளவு என்று பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால் 2 ரூபாய் 41 காசு என்பான். ஆறு ரூபாய்க்கு 22.76 சதவீதம் கேட்டால் 1 ரூபாய் 36 காசு சொச்சம் என்பான். தானாகவே உதிர வேண்டியதைத் தானமாகக் கொடுத்ததுபோல் காட்டிய அந்தச் சாதுரியத்தை, கட்சிப் பற்று இல்லாத எவரும் புன்னகையோடுதான் படித்திருப்பார்கள்.

எல்லைக்கு அப்பால் கணக்கு வேறு விதம். தமிழ்நாட்டிலும் முன்பு நூற்றுக்கு 34 என்றே வாங்கினார்கள். 2020 மே மாதத்தில் அதைப் பிரித்து, கொஞ்சம் சதவீதமாகவும் மீதியை லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று நிரந்தரமாகவும் வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் தம் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறையும்படி செய்தபின், பெட்ரோலுக்கு நூற்றுக்கு 13ம், லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று ஆயிற்று. இந்த இரண்டு முறைகளின் பேதம் என்னவென்று கொஞ்சம் பொறுமையோடு கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மாகாண வரி சேராத விலை 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கேரளத்தின் வரி ஏறக்குறைய 21 ரூபாய், தமிழ்நாட்டின் வரி 19 ரூபாய் சொச்சம். எல்லை கடந்து போவதில் பிரயோஜனம் அதிகமில்லை. 80 ரூபாய் என்றால் இங்கே 27 ரூபாய் சொச்சம், அங்கே 22 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 100 ரூபாய் என்றால் இங்கே 33 ரூபாய் சொச்சம், அங்கே இருபத்து நாலரை; வித்தியாசம் ஒன்பது ரூபாய்க்கு அருகில் போய்விடும். யுத்தம் மூண்டு சந்தை கொதிக்கிறபோது நம் கஜானாவும் கூடவே கொதித்து இலாபம் காண்கிற ஏற்பாடு நம்முடையது. அதே சமயத்தில் கோவிந்தாபுரத்தைத் தாண்டுகிற வண்டிகளும் பெருகுகின்றன என்பதால், விகிதம் பெரிதாக இருந்தும் வசூல் பக்கத்துத் தாலுக்காவுக்குப் போய்ச் சேருகிறது.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இருப்பவர்களுக்கு இது வெறும் கணக்கு. எங்களுக்கு இது சரித்திரமும் கூட. 1956 நவம்பர் முதல் தேதி வரையில் கொல்லங்கோடும் பொள்ளாச்சியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. மலபார் ஜில்லாவில் நாங்கள், கோயம்புத்தூர் ஜில்லாவில் அவர்கள். இரண்டு ஊரிலும் ஒரே சர்க்கார் ஒரே வரியை வாங்கிற்று. அந்த வரியின் பிறப்பும் சுவாரஸ்யமானது. பெட்ரோல் விற்பனைமேல் மாகாணம் வரி போடலாம் என்று இந்தியாவில் முதலில் துணிந்தது மத்திய மாகாண சர்க்கார். 1938ஆம் ஆண்டில் அது இயற்றிய சட்டத்தைப் பற்றி, இது கலால் தீர்வையே, ஆகவே எங்களுடையது என்று தில்லி ஆட்சேபித்தது. பிரதம நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையில் கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்துக்குச் சாதகமாக அபிப்பிராயம் சொல்லிற்று. மறு ஆண்டே, 1939இல், ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் பெட்ரோல் விற்பனை வரிச் சட்டத்தையும் அதையடுத்துப் பொது விற்பனை வரிச் சட்டத்தையும் கொண்டுவந்தது. 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கால் கள்ளுக்கடை வருமானம் போன குழியை இந்த வரிகளைக் கொண்டு நிரப்பினார்கள். குடிக்கிறவனிடம் வாங்காமல் விட்டதை வண்டி ஓட்டுகிறவனிடம் வாங்கினார்கள் என்று அப்போதே குறும்பாகப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். இன்று கேரளத்தில் குடிக்கிறவனிடமும் வாங்குகிறோம், ஓட்டுகிறவனிடமும் வாங்குகிறோம்.

1938ஆம் ஆண்டின் அந்த வழக்கு தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தில்லிக்கா, மாகாணத்துக்கா என்ற அதே தகராறுதான், பெயர் மாறி, செஸ் என்றும் விற்பனை வரி என்றும் இன்றளவும் ஒவ்வொரு லிட்டரிலும் நடந்துகொண்டிருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலையும் டீசலையும் வெளியே நிறுத்தியதும் இதனால்தான். அவற்றை அந்த வரிக்குள் கொண்டுவருவதைக் கேரள உயர்நீதிமன்றம் பரிசீலிக்கும்படி சொன்னதன் பேரில், 2021 செப்டம்பர் 17ஆம் தேதி லக்னோவில் கூடிய வரிக் கவுன்சில் அதை எடுத்துப்பார்த்து, இது தருணமல்ல என்று வைத்துவிட்டது. தருணம் எப்போது வரும் என்று கேட்டால், இந்த வருமானம் இல்லாமல் வாழத் தெரிந்த சர்க்கார்கள் தில்லியிலும் இருபத்தெட்டு மாகாணங்களிலும் ஏககாலத்தில் அமையும்போது வரும் என்றுதான் சொல்லவேண்டும். ஆகவே அந்தப் பரிகாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது வந்தால் மாகாணங்களிடம் மிஞ்சியிருக்கிற ஒரு சுதந்திரமும் போய்விடும் என்ற பயமும் எனக்கு உண்டு.

தினசரி விலை என்கிற ஏற்பாடு எவ்வளவு தினசரியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018இல் கர்நாடகத் தேர்தலுக்கு முன்பு பத்தொன்பது நாட்கள் அது அசையவே இல்லை. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளைக்கு மறுநாள் அசைந்தது. 2021 நவம்பர் தொடங்கி, ஐந்து மாகாணத் தேர்தல்கள் முடியும் வரையில், ருஷ்ய யுத்தத்தால் பீப்பாய் 139 டாலரைத் தொட்ட சமயத்திலும்கூட, விலைப்பலகை நான்கரை மாதம் தூங்கியது. 2022 மார்ச் 22ஆம் தேதி விழித்துக்கொண்டு பதினாறு நாட்களில் பதினான்கு முறை ஏறிப் பத்து ரூபாய் சேர்த்தது. பிறகு, மே மாதத்துத் தீர்வைக் குறைப்பு நீங்கலாக, மறுபடியும் உறங்கி, 2024 மார்ச் 15ஆம் தேதி, பொதுத்தேர்தல் தேதிகள் வெளியாவதற்கு முந்தைய நாள், இரண்டு ரூபாய் இறங்கிற்று. ஓட்டுச்சீட்டைக் கண்டு நடுங்குகிற சந்தையை ஆதாம் ஸ்மித்து கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

விலை உறங்கினால் நமக்கு நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறங்கும் விலைக்கும் ஒருவர் வாடகை கொடுக்கிறார். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று ஸ்தாபனங்களும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்குமேல் நஷ்டம் கண்டன. சந்தை இறங்கிய பின்னும் பலகையை இறக்காமல் வைத்திருந்து 2023-24இல் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய் இலாபம் சம்பாதித்தன. அதற்கும் முன்னால், 2005 முதல் 2010 வரை, விலையைப் பிடித்துவைப்பதற்காக ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் எண்ணெய்ப் பத்திரங்களை வெளியிட்டு, கடனைப் பேரப்பிள்ளைகள் தலையில் எழுதிவைத்தார்கள். இலங்கையின் கதை இன்னும் துயரமானது. விலையைப் பிடித்து வைத்திருந்த சர்க்காரின் கையில் டாலர் தீர்ந்துபோனவுடன், 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் 2022 ஜூன் முடிவில் 470 ரூபாயாயிற்று. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஆகவே விலையைச் சர்க்கார் முழுவதும் கட்டிவைக்க வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. அவிழ்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே முளைக்குச்சியைக் கையில் வைத்திருப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

இனி இதனால் பாதிக்கப்படுகிறவர்களைப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் லிட்டர்க் கணக்கில் பெட்ரோல் வாங்குகிறவர்கள் அல்லர். எங்கள் ஊர்ப் பங்க்கில் காலையில் சற்று நேரம் நின்றால், "நூறு ரூவாய்க்குப் போடுங்க அண்ணா" என்ற குரல்தான் அதிகம் கேட்கும். மீன் கூடை கட்டிய மொபெட்காரர், நெல்லியாம்பதி அடிவாரத்துக்குக் கூலிக்குப் போகிறவர், பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோகிறவர், எல்லோருக்கும் நூறு ரூபாய்தான் அளவு. லிட்டர் 75 ரூபாயாக இருந்தபோது அந்த நூறுக்கு ஒன்றேகால் லிட்டருக்குமேல் கிடைத்தது. 105ஐத் தாண்டியபின் ஒரு முழு லிட்டர்கூட இல்லை. விலை ஏறியது அவருக்குப் பலகையைப் பார்த்துத் தெரிவதில்லை, வியாழக்கிழமை வரை ஓடவேண்டிய வண்டி புதன்கிழமை சாயங்காலமே பாதி வழியில் நிற்கும்போது தெரிகிறது. அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து விலையும் பிரயோஜனமில்லை; இரண்டு லிட்டர் வண்டிக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க எல்லை வரை போய்வந்தால் மிச்சம் அத்தனையும் வழியிலேயே எரிந்துபோகும். அந்த மிச்சம் கார்க்காரருக்கும் லாரிக்காரருக்கும் கிடைக்கிற சலுகை. கேரளத்தின் வரி எல்லையோரத்தில் ஏழையிடம் முழுவதும் வசூலாகிறது, வசதியுள்ளவரிடம் அரைகுறையாக வசூலாகிறது.

விலை இறங்கினாலும் இறங்காத சிலவும் உண்டு. 2022 மே முதல் கேரளத்தில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய், பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்த மாதமே கலால் குறைந்தது. கட்டணம் குறையவில்லை, குறையும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. ஆட்டோக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு டயரும் இன்ஷூரன்ஸும் குறைந்தனவா? நெல் அறுவடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற இயந்திரங்களின் மணிக்கணக்கு வாடகையும் அப்படியே. டீசலைச் சாக்கிட்டு ஏறுகிறது, டீசலோடு இறங்குவதில்லை. சித்தூர்த் தாலுக்காவின் சிறு விவசாயிக்கு அறுவடை என்பது இரண்டு மூன்று நாள் காரியம். மழை மேகம் திரண்டு நிற்கிறபோது வாடகையைப் பேரம் பேச அவரால் ஆகாது.

பங்க் முதலாளிகளின் சங்கடம் வேறு. 2021இல் தீபாவளிக்கு முந்தைய இரவில் தீர்வை குறைந்தபோது, பண்டிகை விற்பனையை நம்பித் தொட்டி நிறையப் பழைய தீர்வை கட்டிய சரக்கை வாங்கி வைத்திருந்த தேசமெங்குமுள்ள பங்க்காரர்கள், மறுநாள் காலை லிட்டருக்கு ஐந்தும் பத்தும் கைநஷ்டத்துக்கு விற்றார்கள். ஏறும்போது அவர்களுக்கு இலாபம் இல்லையா என்பீர்கள். உண்டு. ஆனால் காசு காசாக ஏறும்போது கிடைக்கிற இலாபத்தை, ஒரே இரவில் பத்து ரூபாய் இறங்குகிற நஷ்டத்தோடு ஒப்பிட முடியாது. எல்லைப்புறத்தில், ஏற்கெனவே பாதி வாடிக்கையைக் கோவிந்தாபுரத்துக்கு அப்பால் பறிகொடுத்தவருக்கு அது இன்னும் பாரம்.

கேரள சர்க்காரின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு ரூபாய் செஸ்ஸை விதித்தபோது முதியோருக்கும் விதவைகளுக்கும் கொடுக்கிற சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்காக என்றார்கள். அந்தப் பணத்தை எதிர்பார்த்து மாதம் தள்ளுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. தில்லி செஸ் என்ற பெயரில் பங்கை மறைத்துக்கொள்ளும்போது, மாகாணத்துக்குச் சொந்தமாக எஞ்சியிருக்கிற கருவி மதுவும் எண்ணெயும்தான். ஆனால் அதற்கு, நூற்றுக்கு முப்பது என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகையாக நிர்ணயித்துவிட்டால், யுத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கஜானாவுக்கு வருவது மாறாது. சந்தை ஏறும்போது மாகாணம் குளிர்காய்கிறது என்ற அபவாதமும் இராது. சந்தை இறங்கும்போது வருமானம் சரிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். தமிழ்நாடு அதைப் பாதி செய்திருக்கிறது. 80 ரூபாய் அடிப்படை விலையில் இன்று வசூலாகிற 27 ரூபாயையே தொகையாக வைத்தாலும் போதும். அதைக் கொஞ்சம் குறைத்து அப்பால் போகிற வண்டிகளைத் திருப்பிக்கொண்டால் நஷ்டம் அவ்வளவாக இராது என்பது எல்லையில் குடியிருக்கிறவன் யோசனை.

மத்திய சர்க்காரிடம் கேட்க வேண்டியது வேறு. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சரிந்தபோது மறுபடியும் இரண்டு ரூபாய் தீர்வை ஏற்றி, பெட்ரோலின் மேல் 21 ரூபாய் 90 காசாக்கினார்கள். சில்லறை விலையில் மாற்றமில்லை, ஆகவே ஜனங்களுக்குச் சுமையில்லை என்றார்கள். குறைந்திருக்க வேண்டிய இரண்டு ரூபாய் குறையாமற்போனது சுமையில்லையாம். அந்தத் தீர்வையில் பெரும்பங்கை அடிப்படைக் கலாலாக மாற்றி, மாகாணங்களோடு பங்கிட்டுக்கொள்ளச் சொல்லிக் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து குரல் கொடுக்கலாம். முல்லைப் பெரியாற்றிலும் பரம்பிக்குளம் ஆழியாற்றிலும் ஒத்துப்போக முடியாதவர்கள் இதிலாவது ஒத்துப்போவதற்கு ஒரு தடையுமில்லை, இருவருக்கும் ஒரே பக்கம்தான் நஷ்டம்.

அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். சட்டம் எதையும் திருத்தாமல் நாளைக் காலை ஆறு மணிக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பங்க்கில் கொடுக்கிற ரசீதில் இப்போது லிட்டரும் விலையும் மொத்தமும் இருக்கின்றன. அடிப்படை விலை இவ்வளவு, மத்தியத் தீர்வை இவ்வளவு, மாகாண வரி இவ்வளவு, பங்க்காரர் கமிஷன் இவ்வளவு என்று இன்னும் நான்கு வரிகள் அச்சடிக்கச் சொல்லலாம். எண்ணெய்க் கம்பெனிகளிடம் இந்தக் கணக்குத் தினமும் தயாராக இருக்கிறது. இயந்திரத்துக்கும் இது கஷ்டமில்லை. மளிகைக் கடை ரசீதிலும் ஓட்டல் பில்லிலும் தில்லிக்கு இவ்வளவு, மாகாணத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுகிறார்கள். அதைவிடப் பன்மடங்கு வரி வாங்குகிற பெட்ரோலில் மாத்திரம் ஏன் கூடாது என்று எங்கள் பாராளுமன்ற அங்கத்தினரும் சட்டசபை அங்கத்தினரும் அவரவர் சபையில் ஒரு கேள்வி எழுப்பலாம். பதில் தில்லியிலிருந்து முதலில் வருகிறதா, திருவனந்தபுரத்திலிருந்து முதலில் வருகிறதா என்று பார்ப்பதற்கு நாங்கள் தயாராகவே இருக்கிறோம்.